தாய்மாமன் குல்லா

தைத்த துணியின் சூட்சுமம் அதைப் பிரிக்கும்போதுதான் தெரியும். மாடத்தி தன் புருஷனுடைய பழைய கதர்க் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தையலாக ஊசி முனையால் நெம்பி நூலை உருவினாள். அவசரப்பட்டுக் கிழித்துவிடவில்லை. கிழித்தால் எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர்ந்திருந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

ஊரை இரண்டாக்கிய அந்தக் குல்லாவில் மொத்தமே இரண்டு துண்டுதான் இருந்தது. ஒன்று நீளப் பட்டி. அதை இரட்டையாக மடித்து, முனைகளைச் சேர்த்து வளையமாக்கியிருந்தார்கள். இன்னொன்று அந்த வளையத்தின் மேல்வாயை மூடுகிற துண்டு. நடுவில் அகன்று, இரண்டு பக்கமும் கூராகி, பார்ப்பதற்குக் குளத்துக் கெண்டை மாதிரி இருந்தது. அந்தக் கெண்டையை நீளவாக்கில் உள்பக்கமாக மடக்கிவிட்டால் குல்லா சப்பையாகிச் சட்டைப் பைக்குள் போய்விடும். விரித்தால் தலையில் தோணி மாதிரி நிற்கும்.

“இம்புட்டுத்தானா” என்று மாடத்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கெண்டைத் துண்டின் ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. உவர்மண் போட்டு அவித்தும் போகாத கறை. அவள் அதை மடித்துத் தனியாக எடுத்து வைத்தாள்.

அது அவள் புருஷன் அய்யாக்குட்டியின் ரத்தம். போன வருஷம் மாசி மாதம் தென்காசிக் கள்ளுக்கடை வாசலில் அவனும் இன்னும் சிலரும் குல்லா போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். குடிக்க வருகிறவர்களைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள், வேறொன்றும் செய்யவில்லை. கலைக்க வந்த போலீஸில் தளவாயும் இருந்தான். தளவாய் மாடத்தியின் கூடப்பிறந்த அண்ணன்.

“நடுவுல நிக்கவன் ஒம்ம தங்கச்சி மாப்பிள்ளைதானவே? மொதல்ல அவன அடியும். அடிக்கீரா, ஒதுங்கீரான்னு பாப்போம்” என்று மேலே உள்ளவர் சொன்னாராம்.

தளவாய் அடித்தான். முதல் அடி குல்லாவின் மேல் விழுந்தது. அடுத்த அடிக்கு அய்யாக்குட்டி வலது கையைத் தூக்கித் தடுத்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றவர்களுக்கும் கேட்டது.

எலும்புக்கு உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். காய்ந்துவிட்டால் அந்தப் பூச்சு கல்லாகிவிடும். காயும்வரைதான் கை அசையக் கூடாது. ஆனால் கட்டு காய்வதற்குள் அய்யாக்குட்டியை ஜெயிலுக்கு வண்டியேற்றிவிட்டார்கள். வண்டியின் குலுக்கலில் எலும்பு விலகிக் கோணலாகவே கூடிவிட்டது. திரும்பி வந்தவனால் சோறு பிசைந்து சாப்பிட முடிந்தது. கலப்பையின் மேழியைப் பிடித்து அழுத்த முடியவில்லை. கொழு எவ்வளவு ஆழத்துக்கு இறங்க வேண்டும் என்பதை மேழியை அழுத்துகிற கைதான் முடிவு செய்கிறது. அழுத்தம் இல்லையென்றால் மாடு பாட்டுக்குப் போகும், கொழு மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு பின்னால் போகும். அந்த வருஷம் அவர்கள் வயலை வேறு ஆள் உழுதான்.

மாடத்தி தென்காசி அரிசி மண்டிக்குச் சாக்கு தைக்கப் போனாள். அங்கேதான் ஊசி அவள் கைக்குப் பழகியது. சாக்கு வாயை வெறுமனே ஓட்டித் தைக்கக் கூடாது. ஒவ்வொரு குத்துக்கும் நூலை ஒரு சுற்றுச் சுற்றிப் பூட்ட வேண்டும். அப்படிப் பூட்டினால் ஓரிடத்தில் அறுந்தாலும் அடுத்த பூட்டு பிடித்துக்கொள்ளும். மூட்டையை வண்டியிலிருந்து தூக்கி எறிந்தாலும் வாய் பிளக்காது.

தளவாய் ஒரு தடவை எலும்புக்குத் தடவ ஒரு குப்பி தைலம் கொடுத்தனுப்பினான். மாடத்தி தைலத்தை வாய்க்காலில் கொட்டிவிட்டுக் குப்பியைக் கழுவித் திருப்பி அனுப்பினாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

அய்யாக்குட்டி ஜெயிலில் இருந்தபோது பிறந்த பெண் குழந்தை தங்கத்தாய்க்கு இப்போது காது குத்த வேண்டும். அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். பிள்ளையை மடியில் வாங்குவதற்கு முன்னால் கூடப்பிறந்தவள் தன் கையால் அவன் தலையில் ஒரு துணி கட்டுவாள், உருமால் என்பார்கள். கட்டினதை அவன் மறுக்கக் கூடாது. காது குத்தின வலியில் பிள்ளை அழும். அந்த அழுகை நிற்கும்வரை தலைத் துணியை எடுக்கவும் கூடாது. மறுத்தால் அன்றோடு பிறந்த வீட்டு உறவு அறுந்தது என்று அர்த்தம்.

அதேபோல, சர்க்கார் சம்பளம் வாங்குகிற போலீஸ்காரன் தலையில் கதர்க் குல்லா ஏறினால் அன்றோடு அவன் வேலை போய்விடும். அதுவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

மாடத்தி இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சாக்கின் இரண்டு ஓரம் மாதிரி அவை ஒன்றோடொன்று பொருந்தின.

துணிக்குக் கடையநல்லூர் போனாள். அங்கே துல்கர்னைன் வீட்டுத் தறியில் கைராட்டை நூல் ஓடும். அவர் பெண்டாட்டி ஹாஜரா பீவி மாடத்தி வயசுக்காரி. வீட்டு ஆண்களின் தொழுகைத் தொப்பியையெல்லாம் அவளே தைப்பாள். மாடத்தியைக் கண்டதும் நூல் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“வா புள்ள. கதரா கேக்கே? ஒங்க வீட்டுக்காரருக்குப் பட்ட அடி பத்தலியாக்கும்.”

“அவியளுக்கில்ல. எங்க அண்ணனுக்குக் குல்லா தைக்கணும்.”

“எந்த அண்ணனுக்கு? போலீஸ்கார அண்ணனுக்கா?”

“எனக்கு வேற அண்ணன் இருக்கா?”

“நீ தைச்சா அவரு போடுவாராமா?”

“நான் தைச்சாப் போடுவான்.”

ஹாஜரா பீவி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இதச் சொல்லும்போது நீ செத்த சிரிச்சிருந்தா நம்பியிருப்பேன். எனக்கென்ன, துணிய வாங்கிட்டுப் போ. ஆனா ஒண்ணு. நனைக்காம கத்திரி வைக்காத. கைநூல்ல முறுக்கு ஒரு மட்டமா விழாது. தண்ணி பட்டா ஒரு எழ அதிகமாச் சுருங்கும், ஒரு எழ கொறச்சலாச் சுருங்கும். ஊறப் போட்டு, வெயில்ல காய வச்சு, பொறவு வெட்டு. இல்லன்னா ஒரு சாரல் போதும், தலையில ஏறாது.”

“சாரல்ல நனையத்தான் போகுது.”

“அளவு எடுத்துட்டியா?”

“எப்படி எடுக்கது?”

“நெத்திக்கு மேல, காதுக்கு மேலயாச் சுத்தி ஒரு நூல ஓட்டு. நூலுக்கும் தலைக்கும் நடுவுல ஒரு விரல் போற மாதிரி எடம் விடு. அதான் கணக்கு.”

“விரலுக்கு எடம் விடலன்னா?”

“இறுக்கிப் பிடிக்கும். ஆடி மாசக் காத்தடிச்சாலும் கழலாது. சாயங்காலம் தலவலியும் வரும். அப்படி யாரு தைப்பா?”

மாடத்தி துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தளவாயின் வீடு தென்காசி போலீஸ் குடியிருப்பில் இருந்தது. வாசலில் நின்றால் கோயிலின் மொட்டைக் கோபுரம் தெரியும். மாடத்தி தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சளுடன் வந்து நின்றதும் தளவாயின் பெண்டாட்டி குருவம்மாள் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“மதினி, வாங்க. இங்க பாருங்க, யாரு வந்திருக்கான்னு.”

தளவாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எச்சில் கையோடு எழுந்து நின்றான். ஆள் வாட்டசாட்டமானவன். தங்கச்சியைக் கண்டதும் எந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல நின்றான்.

“ஒக்காரு, மாடத்தி. மாப்ள வரலியா?”

“வரல. பிள்ளைக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடி வேணும்.”

“மாப்ளைக்குக் கை எப்பிடி இருக்கு?”

“கை இருக்கு.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இலையில் மீதிச் சோறு காய்ந்துகொண்டிருந்தது. “ஒரு மாமனா என்ன செய்யணுமோ எல்லாம் செய்யுதேன். கம்மல் அடிக்கச் சொல்லுதேன். ஆனா ஆனி மாசம் பூரா எனக்குக் குத்தாலத்துல சீசன் டூட்டி. லீவுன்னு வாயத் தொறந்தா ஏட்டு மேல விழுந்து பிடுங்குவாரு.”

“லீவு எதுக்கு? குத்தாலத்துலயே வச்சுக்கிடுவோம். கோயில் முன்மண்டபத்துல. நீ நிக்க எடத்துல இருந்து கூப்பிடு தூரம். வந்து பிள்ளைய மடியில வாங்கிட்டு, அழுகை நின்னதும் போயிரு.”

தளவாயின் கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். “பாத்தியாட்டி. எனக்காக எடத்தயே மாத்துதா. அவ மனசுல வன்மம் வச்சிருக்கான்னு நீதான சொன்ன?”

“நான் எப்பச் சொன்னேன்? மதினி, இவிய பொய் சொல்லுதாவ” என்று குருவம்மாள் சிரித்துக்கொண்டே கருப்பட்டிக் காப்பி போட உள்ளே போனாள். தளவாய் கை கழுவப் பின்பக்கம் போனான்.

சுவரில் ஆணியில் அவனுடைய சிவப்புத் தலைப்பாகை தொங்கியது. சாதாரணப் போலீஸ்காரனின் தலைப்பாகை தினமும் அவிழ்த்துக் கட்டுகிறதல்ல. ஒரே தரம் இறுகச் சுற்றி உள்ளே தைத்துவிடுவார்கள், தொப்பி மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளலாம். தலையின் அளவு உள்வாயில் அப்படியே இருக்கும். மாடத்தி அதை எடுத்துக் கவிழ்த்து, மடியில் இருந்த நூலை உள்ளே வளைத்து ஓட்டினாள். செக்கெண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை அடித்தது. ஆனித் தேரோட்டத்தில் அண்ணன் தோளில் உட்கார்ந்து, அவன் மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு தேர் பார்த்தபோது அடித்த அதே வாசனை. நூலைப் பிடித்திருந்த கை ஒரு நொடி அசையவில்லை. பிறகு விரலுக்கு இடம் விடாமல் நூலை இழுத்து, சேர்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள். குருவம்மாள் காப்பியோடு வந்தபோது தலைப்பாகை ஆணியில் இருந்தது.

மண்டிக்குப் போகாத நாளில் தைத்தாள். துணியை ஊறப்போட்டுக் காயவைத்து, கஞ்சி போட்டு, செம்பில் தணல் போட்டுத் தேய்த்தாள். பழைய பட்டியை மேலே வைத்துக் கரியால் கோடு போட்டாள். நூல் முடிச்சின் அளவுக்குப் பட்டியை வெட்டி வளையமாக்கினாள். புதுக் கெண்டைத் துண்டின் உள்பக்கத்தில் அந்தப் பழைய கெண்டையை வைத்து, அதற்கு மேல் இன்னொரு துணி கொடுத்து மூடினாள். கறை இரண்டு துணிக்கும் நடுவில் போய்விட்டது. உச்சந்தலையில் வந்து உட்காரும், கண்ணுக்குப் படாது. சாக்குக்குப் போடுகிற பூட்டுத் தையலையே சின்ன ஊசியில் போட்டாள்.

அய்யாக்குட்டி தொழுவத்திலிருந்து வந்தவன் அதைப் பார்த்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. இடது கையால் எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தான். ஏறவில்லை.

“சின்னதாத் தைச்சுட்டியட்டி. என் தல என்ன தேங்காயா?”

“ஒங்களுக்கில்ல.”

“பொறவு யாருக்கு?”

மாடத்தி நூலைப் பல்லால் அறுத்தாள். அவன் குல்லாவையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். சிரிப்பு மெல்ல வற்றியது.

“தளவாய்க்கா? உருமாலுக்குப் பதிலா இதையா வைக்கப் போற?”

“ஆமா.”

“வேல போயிருமேட்டி அவனுக்கு.”

“போகட்டும்.”

“யாரையும் அடிக்கக் கூடாதுன்னுதான இதத் தலையில வச்சுக்கிட்டு நான் அங்கன போயி நின்னேன். நீ இதையே லத்தியாக்குத.”

“லத்தி எலும்ப ஒடிக்கும். இது துணி.”

“வேல போனா அவன் என்ன செய்வான்?”

“மேழி பிடிக்கட்டும். அவனுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு.”

“நான் போயி அவங்கிட்டச் சொல்லிருவேன்.”

“சொல்லுங்க. அந்தக் கையாலயே கதவத் தட்டிச் சொல்லுங்க.”

அய்யாக்குட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கோணல் கையின் பெருவிரலால் குல்லாவின் உச்சியைத் தடவினான். “நடுவுல ஏன் இம்புட்டுத் தடிப்பா இருக்கு?” என்று கேட்டான். அவள் குல்லாவை வாங்கி மடித்துவிட்டாள். அவன் போய்ச் சொல்லவும் இல்லை.

ஆனியில் குற்றாலத்தில் மழை என்று ஒன்று பெய்யாது, சாரல்தான். மலைக்கு அந்தப்பக்கம் பெய்கிற மழையைக் காற்று பிய்த்துக்கொண்டு வந்து இந்தப்பக்கம் தூவும். வெயிலும் அடிக்கும், சாரலும் விழும். பேரருவியில் அன்று நல்ல தண்ணீர். அவ்வளவு உயரத்திலிருந்து நேரே விழுந்தால் கீழே மனுஷன் நிற்க முடியாது. நடுவழியில் பொங்குமாங்கடல் என்று ஒரு பாறைப் பள்ளம் அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறது. அதில் விழுந்து பொங்கி, கோபம் குறைந்த தண்ணீர்தான் ஆட்கள் தலையில் விழுகிறது. குறைந்த கோபமே தலைத்துண்டை உருவிவிடும். அருவி உருவினதெல்லாம் சித்தாற்றில் இறங்கி, கீழே பாலத்தடிப் பாறையில் வந்து ஒதுங்கும்.

கோயில் முன்மண்டபத்தில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அருவிக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் ஈரத்தோடு அந்த வழியாகத்தான் நடந்தார்கள். கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற போலீஸ்காரர்கள் அங்கேயும் இங்கேயுமாகச் சிவப்புத் தலையோடு நின்றார்கள். கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும், தளவாய் தலையில் இருக்கிற குல்லா அவர்களில் யாராவது ஒருவன் கண்ணில் பட்டுவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பிள்ளையின் அழுகை நீள வேண்டும். அதற்காக மாடத்தி விடிந்ததிலிருந்து தங்கத்தாய்க்குப் பால் கொடுக்கவில்லை. மொட்டையடித்துச் சந்தனம் பூசின தலையோடு பிள்ளை அவள் மாரை முட்டிக்கொண்டேயிருந்தது.

தட்டார் தங்கக் கம்பியின் முனையைத் தேய்த்துக் கூராக்கி, விளக்கெண்ணெயில் தோய்த்து வைத்திருந்தார். காதைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே திருப்பினார். அப்படிப் பார்த்தால் நரம்பு ஓடாத மெல்லிய இடம் சிவப்பாகத் தெரியும். அங்கே மஞ்சளால் புள்ளி வைத்தார்.

தளவாய் உடுப்போடு வேகமாக வந்தான். சிவப்புத் தலைப்பாகையைக் கழற்றிக் குருவம்மாளிடம் கொடுத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “வெரசா ஆகட்டும். ஏட்டு காப்பிக் கடையில இருக்காரு” என்று சிரித்தான்.

மாடத்தி தாம்பாளத்தில் வெற்றிலைக்கு அடியிலிருந்து குல்லாவை எடுத்து விரித்தாள். மண்டபத்தில் பேச்சு நின்றது.

“என்ன மதினி இது? வெளையாடாதிய” என்று குருவம்மாள் பதறினாள். “என் முந்தியக் கிழிச்சுத் தாரேன். அத உருமாலாக் கட்டுங்க.”

“கூடப்பொறந்தவ கொண்டாந்ததத்தான் கட்டணும். ஒன் முந்தி எதுக்கு?”

சொந்தத்தில் பெரியவர் ஒருவர், “உருமாலுன்னா துண்டுல்லா தாயி” என்று இழுத்தார்.

“தலைக்குத் துணி. இதுவும் துணிதான், நானே தைச்சது. வேண்டாம்னா அவன் வாயால சொல்லட்டும். பிள்ளையத் தூக்கிட்டுப் போறோம்.”

தளவாய் அந்த வெள்ளைக் குல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தான். தூணில் சாய்ந்து நின்ற அய்யாக்குட்டி வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதைப் பார்த்ததுமே தளவாய்க்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“இதுக்குத்தான் வீடு தேடி வந்தியா?” என்று தளவாய் கேட்டான்.

அவள் குல்லாவை அவன் தலைக்கு நேரே பிடித்தாள். அவன் வலது பக்கமும் இடது பக்கமும் பார்த்தான். பக்கத்தில் சிவப்புத் தலை எதுவும் இல்லை. “வையி” என்று குனிந்தான்.

குல்லா இறுக்கமாக ஏறியது. மாடத்தி இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக் காதுவரை இறக்கினாள். பிள்ளையை அவன் மடியில் போட்டாள். தட்டார் கம்பியை இறக்கினார்.

தங்கத்தாய் வீறிட்டு அழுதது. அடுத்த காதுக்கும் அழுதது. காது வலி அடங்கின பிறகும் நிற்காமல் பசியில் அழுதது. முகம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. “பாலக் குடு மாடத்தி, கொரல் அடைக்கில்ல” என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். “மாமன் மடியில இருந்து எடுக்கப்படாது” என்று மாடத்தி சொன்னாள். சொல்லும்போதே அவள் மார் கட்டிப்போய்க் கல்லாக வலித்தது. பால் தானாக வடிந்து ரவிக்கையை நனைத்து இடுப்புக்கு இறங்கியது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

தளவாய் பிள்ளையைத் தட்டினான், ஆட்டினான், வெல்லத்தை உதட்டில் தடவினான். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் சட்டைப் பையில் சங்கிலியோடு கிடந்த விசிலை எடுத்து, பிள்ளையின் மூக்குக்கு நேரே பிடித்து மெல்ல ஊதினான். பிள்ளை அழுகையை நிறுத்தி அவன் வாயைப் பார்த்தது. அவன் மறுபடி ஊதினான். பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. இன்னும் கொஞ்சம் பலமாக ஊதினான்.

அழுகை நின்றுவிட்டது. வழக்கப்படி இனி குல்லாவை எடுத்துவிடலாம். தளவாயின் கை மேலே போயிற்று.

மாடத்தி பக்கத்தில் குனிந்தாள். “கழத்தாத.”

“பிள்ள அழுகை நின்னுட்டு.”

“எனக்கு நிக்கல.”

அவன் நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தான். பொட்டு ஈரமில்லை. தூக்கின கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கிப் பிள்ளையின் முதுகில் படிந்தது.

விசில் சத்தம் கேட்டால் எந்த வேலையிலிருந்தாலும் ஓடி வர வேண்டும் என்பது போலீஸில் விதி. ஏட்டு ஏசுதாசன் காப்பி டம்ளரை வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“என்னவே தளவாய், எதுக்கு விசில் அடிச்சீரு?” என்றவர் நின்றுவிட்டார். “தலையில என்னவே?”

“தங்கச்சி தைச்சது, ஏட்டையா.”

“கழத்தும்.”

“முடியாதுய்யா.”

“நான் பாக்கலன்னு வச்சுக்கிடுதேன். கழத்திப் போட்டுட்டு எந்திரியும். ஊரே பாக்குது.”

“அவ இன்னும் அழுது முடிக்கல, ஏட்டையா.”

ஏட்டுக்கு அது விளங்கவில்லை. விளங்கின குருவம்மாள் விசும்பத் தொடங்கினாள். அவள் மடியிலிருந்த சிவப்புத் தலைப்பாகையை ஏட்டு குனிந்து எடுத்தார். தளவாய் சட்டையிலிருந்து விசில் சங்கிலியைத் தானே கழற்றிக் கொடுத்தான். ஏட்டு இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

விசில் போனதும் பிள்ளை மறுபடி சிணுங்கியது. தளவாய் எழுந்து அதை மாடத்தியின் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது அவளுடைய நனைந்த முந்தானை அவன் கையில் பட்டது. அவன் கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“காலையில இருந்தே குடுக்கலியா?” என்றான். “இதுக்காகவா? பச்சப் பிள்ளையையுமா?”

மாடத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். தளவாய் உடுப்போடு, குல்லாவோடு படியிறங்கி அருவிப்பக்கம் நடந்தான்.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலத்தடிக்கு வந்து பாறையில் உட்கார்ந்தாள். பிள்ளை வெறியோடு கவ்விக் குடித்தது. வலி மெல்ல மெல்ல இறங்கியது. அவள் கண் தண்ணீரில் இருந்தது. ஒரு சிவப்புத் துண்டு சுழன்றுகொண்டு வந்து பாறையில் மாட்டியது. வாழையிலை வந்தது. யாரோ தவறவிட்ட எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்துகொண்டு போனது.

அய்யாக்குட்டி தேடிக்கொண்டு வந்தான். முழுக்க நனைந்திருந்தான்.

“அருவிக்கு நேர் கீழ போயி நிக்கான். ரெண்டு கையாலயும் குல்லாவ அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். வெளிய வான்னு ஆளுக கையப் பிடிச்சு இழுக்காவ. வர மாட்டேங்கான்.”

மாடத்தி பிள்ளையின் காதில் காய்ந்திருந்த ரத்தத்தை விரலால் துடைத்தாள்.

“நடுவுல வச்சுத் தைச்சிருக்கது என் ரத்தந்தான?” என்று அவன் கேட்டான்.

“ஆமா.”

“இவ்வளவு நேரம் அடிச்ச தண்ணியில அதுகூடக் கரைஞ்சிருக்கும்ட்டி. போதும்னு ஒரு வார்த்த சொல்லு. நான் போயி அவங்கிட்டச் சொல்லிக் கூட்டிட்டு வாரேன்.”

அவள் பிள்ளையை மறுபக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

“மெதுவாப் பேசுங்க. பிள்ள பால் குடிக்கி.”

அவன் அங்கேயே நின்றான். பாறையில் மாட்டியிருந்த சிவப்புத் துண்டைத் தண்ணீர் விடுவித்துக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் நுரை வந்தது, சருகு வந்தது. மாடத்தி பார்த்துக்கொண்டேயிருந்தாள். வெள்ளையாக எதுவும் வரவில்லை.